ராக்கெட்டின் இறங்குமுக எண்ணிக்கை (கவுண்ட்டவுன்) நின்றது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராக்கெட்டின் ஒவ்வொரு பகுதியையும் பல மாதங்கள் சோதித்த பிறகுதானே ஏவுதளத்துக்குக் கொண்டுவருகிறார்கள்? அப்படியிருந்தும் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது கோளாறு என்று அறிவிப்பது ஏன்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகர், தென்காசி

பதில்: முன்கூட்டியே தெரியக்கூடிய குறைகள் பெரும்பாலும் முன்கூட்டியே களையப்பட்டுவிடுகின்றன. எஞ்சியிருப்பவை, ராக்கெட்டில் எரிபொருள் நிரம்பும் வரை தலைகாட்டாதவை. இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி, எல்விஎம்-3 ஆகிய ராக்கெட்டுகள், ‘நிலை’ எனப்படும் பகுதிகளை அடுக்கிச் செய்யப்பட்டவை. அவற்றின் மேல்நிலையில் உள்ள கிரையோஜெனிக் எஞ்சின் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ ஆக்சிஜனையும், மைனஸ் 253 டிகிரியில் உள்ள திரவ ஹைட்ரஜனையும் கொண்டு இயங்குகிறது. இவை ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் முந்தைய வாரமே நிரப்பி வைக்க இயலாது. புறப்பாட்டுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் நிரப்பியாக வேண்டும். அந்தக் கடுங்குளிரில் குழாய்களும் இணைப்புகளும் வால்வுகளும் சுருங்குகின்றன. ஒவ்வோர் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அறை வெப்பநிலையில் இறுக்கமாக இருந்த இணைப்பு இப்போது இளகக்கூடும். தொட்டிகளில் அழுத்தம் குறையாமல் காக்கப் பயன்படும் ஹீலியம் வாயு மிக நுண்ணிய அணுக்களைக் கொண்டது; அது உயர் அழுத்தத்தில் இருப்பதால், இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வழியே வெளியேறிவிடும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எஞ்சின்களை இயக்கிச் சோதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் முழு ராக்கெட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஸ்ரீஹரிகோட்டாவில் நின்றபடி, எல்லாத் தொட்டிகளும் நிரம்பிய நிலையை அடைவது ஏவும் நாளில்தான்.

2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குப் புறப்பட இருந்த சந்திரயான்-2, 56 நிமிடம் 24 விநாடி எஞ்சியிருந்தபோது தொழில்நுட்பக் கோளாறால் நிறுத்தப்பட்டது. குடியரசுத் தலைவர் நேரில் வந்திருந்த இரவு அது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. நிலவில் பகல் தொடங்கும் வேளையில் தரையிறங்கினால்தான் முழு 14 நாள் வெளிச்சமும் கிடைக்கும் என்பதால், தரையிறங்கும் நாளை மாற்றாமல், நிலவைச் சுற்றும் நாட்களை 28-லிருந்து 13 ஆகக் குறைத்துத் திட்டத்தைத் திருத்தினார்கள். தாமதத்தைக் கையாள்வது என்பது பழுதுபார்ப்பதோடு முடிவதில்லை. பயணத்தின் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டியிருக்கிறது.

கேள்வி: நிறுத்திய ராக்கெட்டைச் சில நாட்களில் ஏவுவதும் உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் உண்டு. எதைக் கொண்டு இதை முடிவு செய்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: கோளாறின் காரணம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டுதான். ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட்டின் கதையை ஒவ்வொரு பொறியியல் மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

2010-ஆம் ஆண்டில் ஏப்ரலிலும் டிசம்பரிலும் ஜிஎஸ்எல்வி அடுத்தடுத்துத் தோற்றிருந்தது. ஏப்ரலில் தோற்றது, இந்தியாவில் உருவான கிரையோஜெனிக் எஞ்சினைச் சுமந்த முதல் பயணம். ஆகவே 2013 ஆகஸ்ட் 19 அன்று டி5 புறப்படவிருந்தபோது எல்லோருடைய கவலையும் அந்த எஞ்சினைப் பற்றியதாகவே இருந்தது. கசிவோ, பலமுறை பறந்து பழகிய இரண்டாம் நிலையில் ஏற்பட்டது! அதன் எரிபொருளான யுடிஎம்எச் நச்சுத்தன்மை கொண்டது; எரிவதற்கு ஆக்சிஜன் தரும் பொருளான ஆக்சிகரணியைத் தொட்டவுடன் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 74 நிமிடம் இருக்கையில் எண்ணிக்கையை நிறுத்தி, தொட்டிகளைக் காலி செய்து, ராக்கெட்டைத் தண்டவாளத்தின் வழியே ஒருங்கிணைப்புக் கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

கசிந்த இடத்தை அடைத்துவிட்டு மறுபடி ஏவியிருக்கலாமே என்று தோன்றக்கூடும். ஆய்வில் தெரியவந்தது வேறு: தொட்டி செய்யப்பட்ட அலுமினியக் கலவையே, நாளடைவில் விரிசல் விடும் இயல்புடையது. அப்படியானால் அடுத்த விரிசல் எங்கே தோன்றும் என்று யார் உறுதி கூற முடியும்? எனவே வேறொரு கலவையால் ஆன புதிய இரண்டாம் நிலையைப் பொருத்தினார்கள்; பக்கவாட்டில் உள்ள நான்கு திரவ உந்துநிலைகளையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 மாலை 4.18 மணிக்குப் புறப்பட்ட அந்த ராக்கெட், ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினின் முதல் வெற்றியும் அதுவே. இரண்டு தோல்விகளின் சுமையோடு, நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான்கரை மாதம் காத்திருக்கத் துணிந்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: எஞ்சின் பற்றிய பிறகும் ராக்கெட்டை நிறுத்த முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: திரவ எஞ்சினை நிறுத்த முடியும், திட எரிபொருள் பற்றிவிட்டால் எரிந்து தீரும் வரை நிறுத்த வழியில்லை. ஜிஎஸ்எல்வியின் வடிவமைப்பு இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்கிறது. பக்கவாட்டுத் திரவ எஞ்சின்கள் நான்கும், நடுவில் உள்ள திட எரிபொருள் நிலைக்கு (திடநிலை) 4.8 விநாடி முன்பே பற்றவைக்கப்படுகின்றன. அந்த இடைவெளியில் நான்கும் போதிய உந்துவிசை தருகின்றனவா என்பதைக் கணினி பார்க்கிறது. 2001 மார்ச் 28 அன்று முதல் ஜிஎஸ்எல்வி புறப்பட இருந்தபோது, நான்கில் ஒன்று போதிய விசை தராததால், திடநிலை பற்றுவதற்கு ஒரு விநாடி முன்பு கணினி அனைத்தையும் அணைத்தது. அதே ராக்கெட் ஏப்ரல் 18 அன்று பறந்தது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை ராக்கெட் ஏவுதலிலும், 2023 அக்டோபர் 21 அன்று, 5 விநாடி இருக்கும்போது கணினி எண்ணிக்கையை நிறுத்தியது. காரணத்தை விரைவில் கண்டறிந்து சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். கடைசி நிமிடங்களில் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைப்பதற்குக் காரணம், நூற்றுக்கணக்கான அளவீடுகளை ஒரே விநாடியில் ஒப்பிட்டு முடிவெடுக்க மனிதரால் இயலாது என்பதே.

கேள்வி: விண்ணில் இரு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் ஏவுதலை இரண்டே நிமிடம் தள்ளிவைத்தார்களே, அதுவும் கோளாறுதானா?
– ஆசிரியர், விழுப்புரம்

பதில்: இல்லை. 2024 டிசம்பர் 30 இரவு 9.58 மணிக்குத் திட்டமிட்டதை 10 மணிக்கு மாற்றியது, விண்ணில் வேறு செயற்கைக்கோள்களோடு நெருங்கிவிடாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு முறையும் ராக்கெட்டின் பாதையை, கண்காணிப்பில் உள்ள விண்பொருள்களின் பாதைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பாட்டை இதே காரணத்துக்காக 4 விநாடி தள்ளிவைத்தார்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் செல்லும் பொருள் அந்த 4 விநாடிக்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விலகிப் போய்விடுகிறது.