ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது

அன்புள்ள ஐயா,

உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'கொலீஜியம்' என்ற சொல்லே இல்லை. இல்லாத ஒன்று எப்படிச் சட்டமானது? பேசாமல் அரசாங்கமே நியமித்துவிட்டுப் போகலாமே?

– கே.

அன்புள்ள கே.,

அந்தச் சொல் கிடைக்காது. 124ஆவது பிரிவில் இருப்பது வேறு சொல்: தலைமை நீதிபதியைக் 'கலந்தாலோசித்து'க் குடியரசுத் தலைவர் நியமிப்பார். வம்பெல்லாம் அதில்தான். கல்யாண வீட்டில் "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்பார்களே, அது சம்மதம் கேட்பதா, தகவல் சொல்வதா? 1981இல் உச்ச நீதிமன்றம், கேட்டால் போதும், சொன்னபடி செய்ய வேண்டியதில்லை என்றது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. மாமா சொல்வதுதான் முடிவு. 1998இல் தலைமை நீதிபதியோடு மூத்தவர்கள் நால்வர் என்று கணக்கும் வந்தது. அந்த ஐவர்தான் கொலீஜியம். சட்டமானது இப்படித்தான்.

அரசாங்கமே நியமிக்கலாம் என்கிறீர்கள். நியமித்துப் பார்த்தாயிற்று. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி தீர்ப்பு: அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது. அந்தச் சூடு ஆறுவதற்குள், அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற பணிமூப்பில் முன்னால் இருந்த மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியானார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நெருக்கடிநிலை வழக்கில் தனியாளாக மறுத்தெழுதிய எச்.ஆர். கன்னாவுக்கும் 1977இல் அதே கதி.

இப்போதும் அரசின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. 2018 ஜனவரியில் கொலீஜியம் இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் இருவரையும் சேர்த்தே பரிந்துரைத்தது. மல்ஹோத்ரா ஏப்ரலில் நீதிபதியானார். உத்தராகண்ட் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்திருந்த ஜோசப்பின் பெயரை அரசு திருப்பி அனுப்பியது. கொலீஜியம் மறுபடி பரிந்துரைத்தபின் ஆகஸ்டில் பதவியேற்றார், அதுவும் அன்று பதவியேற்ற மூவரில் கடைசியாக. அங்கே வரிசைதான் பணிமூப்பு.

அதற்காகக் கொலீஜியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தலைமை நீதிபதியும் மனிதர்தான், அவர் கையில் தடையதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று 1949இலேயே அம்பேத்கர் எச்சரித்தார். மாற்றாக வந்த நியமன ஆணையத்தை 2015இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அமைச்சரும் உட்காரும் ஆணையம் என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் புகார் மூடிய கதவைப் பற்றியது. 2018 டிசம்பர் 12 அன்று கொலீஜியம் கூடியது. மாத இறுதியில் அதில் ஒருவர் ஓய்வு பெற்றார். 2019 ஜனவரி 10 அன்று புதிய கொலீஜியம் வேறு இருவரைப் பரிந்துரைத்தது. டிசம்பரில் என்ன பேசினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதி முடிவை மட்டும் வெளியிட்டால் போதும் என்று 2022இல் தள்ளுபடியானது.