ஈர மண்ணில் வாடும் செடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோடை முடிகிற நேரத்தில் இரண்டு வாரமாக விடாத மழை. மண் சொதசொதவென்று இருக்கிறது. ஆனாலும் மிளகாய், கத்தரிச் செடிகள் பகலில் தலை தொங்கிவிடுகின்றன. தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே வேண்டாம். செடிக்கு இப்போது குறைவது தண்ணீர் இல்லை, காற்று. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் காற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். அத்தனை சந்திலும் தண்ணீர் புகுந்துவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஈரத்தின் நடுவிலேயே செடி வாடுவது அதனால்தான். வாட்டத்தைப் பார்த்து ஊற்றும் ஒவ்வொரு குடமும் வேரை அழுகலுக்குத் தள்ளும்.

தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணை விரலால் கிளறி, ஒரு சிறு வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, இழுத்தால் சட்டென்று அறாமல் இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பு நிறத்தில் இருந்து, இரு விரலால் உருவும்போது மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். கூடவே சாக்கடை வாடையும் வரும். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதே குழியில் உடனே கத்தரி, மிளகாய், தக்காளி எதையும் நட வேண்டாம்.

வேர் வெள்ளையாக இருந்தால், பாத்தியின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். மூடாக்கை, அதாவது மண்ணை மூடப் போட்டிருக்கும் சருகு, வைக்கோலை, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். ஈர மண்ணை மிதித்தால் இருக்கிற கொஞ்சம் காற்றுச் சந்தும் நசுங்கிவிடும். கொத்திவிடவும் அவசரம் வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், களிமண் உருண்டையாக நின்றால் பொறுத்திருங்கள்.

மழை ஓய்ந்ததும் 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கினால் கவலை இல்லை. 1 செ.மீ. கூட இறங்காத இடத்தில் அடுத்த பருவத்துக்கு மேட்டுப்பாத்தி தவிர வேறு வழி கிடையாது.

கேள்வி: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டும் தண்ணீர் தேங்குகிறதே?

பதில்: ஜல்லியை எடுத்துவிடுங்கள். பொடி மண்ணிலிருந்து தண்ணீர் பருத்த ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து ஊறிய பிறகுதான் சொட்டும். அதனால் ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்தட்டை எடுத்துவிட்டு, துளையை வேர் அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். அதுவே போதும்.

கேள்வி: மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகின்றன. என்ன உரம் போடலாம்?

பதில்: எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால், மழை தழைச்சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பொருள். மண் வடிந்த பிறகு செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. பெரும்பாலும் வேர் மூச்சுவிட ஆரம்பித்ததும் தானே சரியாகும். ஊறிக் கிடக்கும் மண்ணில் உரம் கொட்டினால் அதுவும் தண்ணீரோடு போய்விடும்.

கேள்வி: தக்காளி பழுக்கும்போதே வெடிக்கிறது. இலைகளிலும் கருப்புத் திட்டு.

பதில்: இரண்டும் வேறு வேறு. காய்ந்திருந்த மண்ணில் திடீரென்று மழை பெய்தால் பழம் ஒரே மூச்சில் தண்ணீரை உறிஞ்சும். தோல் அந்த வேகத்துக்கு விரியாது, அதனால் வெடிக்கும். காயின் அடிப்பக்கத்தில் லேசாகச் சிவப்பு தட்டியதுமே பறித்து வீட்டுக்குள் வையுங்கள். வெயில் வேண்டியதில்லை, 20 முதல் 25 டிகிரி வெப்பம் போதும்.

திட்டில் வளையம் வளையமாகத் தெரிந்து, அடி இலையிலிருந்து மேலே ஏறினால் முன்கருகல். தரையிலிருந்து 30 செ.மீ. வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மண் தெறிக்காதபடி மூடாக்குப் போட்டால் கட்டுப்படும். எண்ணெய் பட்டதுபோல் திட்டு பரவி, காலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது பின்கருகல். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் சில நாளில் தோட்டத்தையே முடித்துவிடும். தாக்கிய செடியை அன்றே பிடுங்கி மூட்டை கட்டி அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

நோய் தொடாத செடிகளுக்கு 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். அது தடுக்கும், குணப்படுத்தாது. 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீறவிட்டு ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம்தான் சரி. சுத்தமான இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். வடிகட்டி, அன்றைக்கே, இலை காய்வதற்கு நேரம் கிடைக்கும் காலையில் தெளியுங்கள். கையுறை அவசியம்.

கேள்வி: நத்தைக்கு உப்புத் தூவலாமா?

பதில்: கூடாது, மண் கெடும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து வைத்தால் விடிவதற்குள் அடியில் வந்து ஒட்டியிருக்கும். பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்கின்றன.

பதில்: மழையில் தேனீ வருவதில்லை, நனைந்த மகரந்தமும் வீணாகிறது. மறுநாள் மலரப்போகும், நுனியில் மஞ்சள் தெரியும் ஆண் மொட்டை மாலையிலேயே காம்போடு வெட்டி, வீட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஆண் பூவுக்கு மெல்லிய நேர்க்காம்பு, பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். விடிந்ததும் ஆண் பூவின் இதழ்களைக் கிழித்து, மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் எல்லா மடலிலும் படும்படி தேய்த்துவிடுங்கள். பிறகு பெண் பூவின் இதழ்களைச் சேர்த்து நூலால் கட்டிவிட்டால் உள்ளே மழை இறங்காது. ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு பூ மூட ஆரம்பித்துவிடும்.