கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் பூட் ஆகவில்லையா?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 எஸ்எஸ்டியில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை, குடும்பப் படங்களை எடுப்பதற்காக இதில் மாட்டினேன். இப்போது 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று கறுப்புத் திரை வந்து நிற்கிறது. விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். படங்கள் போய்விடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தயவுசெய்து எதையும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். இப்படி நிற்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் விண்டோஸும் நன்றாக இருக்கும், படங்களும் அப்படியே இருக்கும். பவர் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ், தவறான டிஸ்க்கில் விண்டோஸைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மட்டும் கழற்றுங்கள். விண்டோஸ் வழக்கம்போல வந்தால் எஸ்எஸ்டியில் குறை இல்லை. மறுபடி அணைத்து, கேபிளை மாட்டி, பவர் போட்டதும் பூட் மெனு (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவா, கிகாபைட் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்றால் எஃப்11. அசூஸ் மதர்போர்டு என்றால் எஃப்8. வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதையும், இல்லையென்றால் எஸ்எஸ்டியின் பெயரையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்துவிட்டால், பயாஸுக்குள் போய் அதையே முதலிடத்தில் வைத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் பழைய மதர்போர்டுகளில் பூட் ஆர்டர் பட்டியலில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் தெரியும். எந்த டிஸ்க் அங்கே வர வேண்டும் என்பதை 'ஹார்ட் டிஸ்க் டிரைவ் பிரையாரிட்டி' என்ற தனிப் பட்டியல் தீர்மானிக்கிறது. அதைத் திறந்து எஸ்எஸ்டியை மேலே கொண்டுவராமல், பூட் ஆர்டரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

அப்படியும் வரவில்லையா? பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். டிஸ்க் மாட்டுவதற்காகப் பவர் கார்டைப் பிடுங்கியபோதே பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்திருக்கும். பழி புதிதாக மாட்டிய டிஸ்க்கின் மேல் விழுகிறது. 3 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு இரண்டு செட்டிங்கைக் கவனியுங்கள். சாட்டா மோடு (மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) முன்பு ஏஎச்சிஐ என்று இருந்து இப்போது ஐடிஇ அல்லது ரெய்டு என்று மாறியிருந்தால், 'இன்அக்சசபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வரும். பழையபடி மாற்றினால் சரியாகிவிடும். பழைய முறையில் பூட் செய்யவிடும் சிஎஸ்எம் என்ற செட்டிங்கும் அப்படித்தான்: விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால் சிஎஸ்எம் ஆனில் இருக்க வேண்டும், ஜிபிடி என்ற புதிய முறை என்றால் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை வேண்டும்.

டிஸ்க்கை மாட்டினால் லோகோவிலேயே நீண்ட நேரம் நிற்கிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் டிஸ்க்கே பழுதாகி வருகிறது. திரும்பத் திரும்பப் பவர் கொடுக்காமல், டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோவதுதான் நல்லது. இன்னொன்று, மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் பவர் சப்ளை பெட்டி) வைத்திருப்பவர்கள் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் பவர் கேபிளை எடுத்து மாட்டவே கூடாது. பிளக் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் கருகிவிடும்.

விண்டோஸ் வந்த பிறகும் டிஸ்க் கண்ணில் படவில்லை என்றால், விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து 'ஆஃப்லைன்' என்று இருக்கிறதா பாருங்கள். வலது கிளிக் செய்து ஆன்லைன் கொடுங்கள். டிரைவ் எழுத்து இல்லையென்றால் ஒன்றைக் கொடுங்கள். 'இனிஷியலைஸ்' (டிஸ்க்கைப் புதிதுபோலத் தயார்செய்வது) செய்யவா என்று கேட்டால் கேன்சல் மட்டும்தான். படங்கள் உள்ள டிஸ்க்கில் அதற்கு ஓகே கொடுக்கக் கூடாது.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கும்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போட்டேன். இப்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆவதில்லை. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. அதை எழுப்பும் பூட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்களுக்கான தனிப் பகுதி) கண்ணில் பட்டால், இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடச் சொல்வது இதற்காகத்தான்.

ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்டி விண்டோஸுக்குள் போங்கள். டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் முதலில் நிறுத்திவையுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கீழுள்ளவற்றை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்: diskpart; select volume c; shrink desired=300; create partition efi size=260; format quick fs=fat32; assign letter=s; exit. அடுத்து: bcdboot c:\windows /s s: /f uefi

ஃபார்மேட் தட்டும் முன் 'list partition' கொடுத்து, நட்சத்திரக் குறி புதிய 260 எம்பி பார்ட்டிஷனுக்கு எதிரே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எங்காவது நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, பூட் மெனுவில் எஸ்எஸ்டியைத் தேர்ந்து சோதியுங்கள். விண்டோஸ் வரும்வரை ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் பயாஸிலேயே காணோம்!
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் (சிறிய எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) ஓரிரு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கிடுகின்றன. ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறினால் அந்த போர்ட் அணைந்துவிடும். எந்த போர்ட் என்று மதர்போர்டு கையேட்டில் அட்டவணை இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பூட் ஆர்டரை மாற்றியதும் பிட்லாக்கர் சாவி கேட்கிறது. நான் எதுவும் போட்டதாக நினைவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: சில கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்நுழைந்தாலே இது தானாக ஆனாகிவிடும். பூட் ஆர்டரைப் பழையபடி வைத்துப் பாருங்கள். அப்போதும் கேட்டால், வேறொரு போனிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் போய் 48 இலக்கச் சாவியைத் தேடுங்கள். சாவிகள் பல இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒப்பிட்டு எடுங்கள். அடுத்த முறை டிஸ்க் மாட்டும் முன் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதி இருந்தால் அங்கே போய் 'சஸ்பெண்ட்' கொடுத்துவிடுங்கள்.