அலகு மாற்றும்போது எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது? நினைவில் வைக்க வழி உண்டா?

நீங்கள் பதினொன்றாம் வகுப்பு என்று நினைக்கிறேன். கி.மீ./மணியை மீ/வி ஆக்க 5/18-ஆல் பெருக்கு என்று உருப்போட்டிருப்பீர்கள், தேர்வில் அது 18/5-ஆ என்று சந்தேகம் வந்திருக்கும். தயவுசெய்து இதை மனப்பாடம் செய்யாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முதலாண்டுத் தேர்வு. 2 சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 40 நியூட்டன் விசை, அழுத்தம் எவ்வளவு என்று கேள்வி. மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று 2-ஐ நூறால் வகுத்து 0.02 சதுர மீட்டர் என்று போட்டேன். விடை 2,000 பாஸ்கல். உண்மையான விடை 2,00,000. பரப்பு என்பதால் நூறால் இரண்டு முறை வகுத்திருக்க வேண்டும். சூத்திரம் சரி, வகுத்தலும் சரி, விடை மட்டும் நூறு மடங்கு குறைவு. அடுத்த இரண்டு உட்பிரிவுகளும் அந்த விடையை நம்பி இருந்ததால் அவையும் போயின. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அன்றிலிருந்து அலகை விடாமல் எண்ணோடு சேர்த்தே எழுதுகிறேன்:

72 கி.மீ./மணி × (1000 மீ / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வி) = 20 மீ/வி

ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே அளவுதான், அதனால் அதன் மதிப்பு 1. கி.மீ. அடிபடும், மணி அடிபடும். பின்னத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால் கி.மீ. அடிபடாமல் கி.மீ.² என்று வந்து நிற்கும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். பரப்பு என்றால் அதே பின்னத்தை இரண்டு முறை, கன அளவு என்றால் மூன்று முறை போடுங்கள்.

செல்சியஸைக் கெல்வினாக்க இது உதவாதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அங்கே 273.15-ஐக் கூட்ட வேண்டும். போட்டித் தேர்வில் இவ்வளவு எழுத நேரம் ஏது என்றும் கேட்பார்கள். கை பழகினால் ஒரு வரிதான்.

1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோனது. லிட்டரைக் கிலோகிராமாக்க 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு, கிலோகிராமுக்கு 0.8 வந்திருக்க வேண்டும். தேவையில் பாதிகூட நிரப்பவில்லை. விமானிகள் எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கியே கனடாவின் கிம்லி என்ற ஊரில் இறக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள். 1.77-க்குப் பக்கத்தில் அலகு இருந்திருந்தால்?

இன்னொரு ஆதங்கம். பயிற்சிப் புத்தகங்களின் கடைசியில் விடையை அலகே இல்லாமல் வெறும் 20 என்று அச்சிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை தேர்விலும் வெறும் 20 என்று எழுதினால் அரை மதிப்பெண்ணை மட்டும் தவறாமல் குறைக்கிறார்கள்.