மோல் கணக்கில் எதை எதால் வகுப்பது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், அணு நிறை, மூலக்கூறு நிறை, அவகாட்ரோ எண், 22.4 லிட்டர் ஆகியவற்றின் வரையறைகள் தனித்தனியே மனப்பாடமாக இருப்பதாகவும், ஆனால் கணக்கு என்று வந்தவுடன் எதை எதால் வகுப்பது என்று கை தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சூத்திரங்களை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, விடைத்தாள்களில் வகுத்தலும் பெருக்கலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. எந்தத் துகளை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலேயே எண்ணத் தொடங்கிவிடுவதால்தான் விடை தவறிப்போகிறது. ஆகவே எந்தச் சூத்திரத்தையும் எழுதுவதற்கு முன்னால் ‘எதனுடைய மோல்?’ என்று கேட்டு, அந்தத் துகளின் பெயரைத் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள் என்பதே என் முதல் பரிந்துரை.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள் (இதைத்தான் அவகாட்ரோ எண் என்கிறோம்); 2019 மே 20 முதல் இந்த எண்ணே நேரடியாக வரையறையாக இருக்கிறது. அதற்கு முன்பு, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் என்று வரையறுத்திருந்தார்கள். பள்ளிக் கணக்குகளைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தால் ஒரு விடையும் மாறாது. அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் எடைபோட்டு எண்ணுகிறோம். ஒரே வகை நாணயங்கள் நிறைந்த பையை எடைபோட்டு, ஒரு நாணயத்தின் எடையால் வகுத்து எண்ணிக்கையைச் சொல்வது போன்றதுதான் இதுவும். பொருளின் நிறையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் நிறையால், வகுக்கும்போது நாம் செய்வது அதுவே, ஆகவே எந்த நாணயம் என்று தெரியாமல் வகுத்தால் வரும் விடைக்குப் பொருளே இல்லை.

‘16 கிராம் ஆக்சிஜனில் எத்தனை மோல்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அணுக்களை எண்ணினால் 16ஐ 16ஆல் வகுத்து 1 மோல். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை எண்ணினால் 32ஆல் வகுத்து 0.5 மோல், அதே 16 கிராம் ஓசோனாக இருந்தால் 48ஆல் வகுத்து மூன்றில் ஒரு பங்கு மோல். மூன்றும் சரியான விடைகளே, கேள்விதான் அரைகுறையானது. சாதாரண உப்பில் மூலக்கூறு என்று ஒன்று கிடையாது என்பதால் அங்கே வாய்பாட்டு அலகை, அதாவது ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் சேர்ந்த இணையை, எண்ணுகிறோம்: 58.5 கிராம் உப்பில் ஒரு மோல் வாய்பாட்டு அலகுகள் உள்ளன, ஆனால் ஒரு மோல் சோடியம் அயனிகளும் ஒரு மோல் குளோரைடு அயனிகளுமாக மொத்தம் இரண்டு மோல் அயனிகள் உள்ளன. ‘எத்தனை அயனிகள்?’ என்று கேட்டிருக்கும்போது அவகாட்ரோ எண்ணை மட்டும் எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தால் உங்களைப் பற்றி நீங்களே குறைவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அணுவா மூலக்கூறா என்ற இதே இடத்தில் வேதியியல் துறையே அரை நூற்றாண்டு சிக்கிக்கொண்டிருந்தது. ஓர் ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தால் நீர் என்று ஆங்கிலேய வேதியியலாளர் டால்டன் எடுத்துக்கொண்டார். நீரில் அவ்விரண்டின் நிறை விகிதம் 1:8 என்பதால், அந்த வழியில் போனால் ஆக்சிஜனின் அணு நிறை 8 என்றுதான் கிடைக்கும். ஆனால் இரண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு லிட்டர் நீராவி உண்டாகிறது என்பது பிரெஞ்சு வேதியியலாளர் கே லுசாக்கின் 1808ஆம் ஆண்டு ஆய்வுகளால் தெரிந்திருந்தது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு லிட்டர் எந்த வாயுவிலும் ஒரே எண்ணிக்கையில் துகள்கள் இருக்கும் என்று கொண்டால், ஒரு லிட்டரில் இருந்த ஆக்சிஜன் துகள்கள் இரண்டு லிட்டர் நீராவியிலும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒன்றாகப் பரவ வேண்டுமானால், ஒவ்வொரு துகளும் இரண்டாகப் பிளந்தாக வேண்டும். அப்படியானால் ஆக்சிஜன் வாயுவின் துகள் தனி அணுவாக இருக்க முடியாது, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாகவே இருக்க வேண்டும் என்று 1811இல் அவகாட்ரோ சொன்னார். பெரும்பாலானோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அதை மீண்டும் எடுத்துவைத்த பிறகே அணு நிறைகள் ஒழுங்குக்கு வரத் தொடங்கின. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவகாட்ரோ இறந்துவிட்டார். அவர் பெயரால் வழங்கும் எண்ணை அவர் கணக்கிட்டதும் இல்லை, 1909இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரின்.

சமன்பாட்டுக் கணக்குகளுக்கு வருவோம். சமன்செய்யப்பட்ட சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் இருக்கும் எண், எண்ணிக்கையின் விகிதத்தைச் சொல்கிறது. கிராம் விகிதத்தை அது சொல்வதில்லை. மெக்னீசியம் நாடா எரியும்போது இரண்டு மெக்னீசியம் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு மெக்னீசியம் ஆக்சைடு அலகுகள் உண்டாகின்றன. இதைப் பார்த்துவிட்டு ‘2 கிராம் மெக்னீசியத்துக்கு 1 கிராம் ஆக்சிஜன்’ என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 2.4 கிராம் நாடா எரிகிறது என்றால், முதலில் 24ஆல் வகுத்து 0.1 மோல் மெக்னீசியம் அணுக்கள் என்று எழுதுங்கள். சமன்பாட்டின்படி இதற்கு வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் பாதி, அதாவது 0.05 மோல், உண்டாகும் ஆக்சைடு அதே 0.1 மோல். இப்போதுதான் கிராமுக்குத் திரும்ப வேண்டும்: ஆக்சிஜன் 0.05 × 32 = 1.6 கிராம், ஆக்சைடு 0.1 × 40 = 4.0 கிராம். 2.4 உடன் 1.6ஐக் கூட்டினால் 4.0 வருகிறது என்பதை ஓரத்தில் எழுதிச் சரிபார்த்துவிடுங்கள். கிராமிலிருந்து மோலுக்கு, ஒரு பொருளின் மோலிலிருந்து மற்றொன்றின் மோலுக்கு, அங்கிருந்து மீண்டும் கிராமுக்கு என்ற இந்தப் பாதையில் சமன்பாட்டின் எண்கள் நடுவில் ஒரே ஒரு முறைதான் வருகின்றன, அதுவும் மோலுக்கும் மோலுக்கும் இடையில் மட்டும்.

தூய்மைச் சதவீதம் சேர்ந்துவிட்டால் கணக்கு புதிதாகிவிடுவதில்லை, முதல் படிக்கு முன்னால் ஒரு கழித்தல் கூடுகிறது, அவ்வளவுதான். காளவாயில் இடும் 50 கிலோ சுண்ணாம்புக் கல்லில் 90 சதவீதம் கால்சியம் கார்பனேட் என்றால் வினைக்கு உரியது 45 கிலோ. மோலார் நிறை 100 கிராம் என்பதால் 450 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பும் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் என்பதால், முறையே 56ஆலும் 44ஆலும் பெருக்க 25.2 கிலோவும் 19.8 கிலோவும் கிடைக்கின்றன.

வினைக் கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருளை, கண்டுபிடிக்கும் கணக்குகளில் இரண்டு பொறிகள் உள்ளன. கிராமில் குறைவாக இருப்பதே முதலில் தீரும் என்று நினைப்பது ஒன்று. 2 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் தரப்பட்டால், அதிக நிறையுள்ள ஆக்சிஜன்தான் முதலில் தீர்கிறது. ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு அரை மோல், அதாவது 16 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும்போது கையில் 0.3125 மோல்தான் இருக்கிறது. உண்டாகும் நீர் 0.625 மோல், 11.25 கிராம், மீதமாகும் ஹைட்ரஜன் 0.75 கிராம், கூட்டினால் தொடங்கிய அதே 12 கிராம். இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்ததில் விழுகிறார்கள்: மோலில் குறைவாக இருப்பதே முதலில் தீரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 28 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உண்டாகும் வினையில் நைட்ரஜன் மூலக்கூறுகள் 1 மோல், ஹைட்ரஜன் மூலக்கூறுகள் 2 மோல். ஹைட்ரஜன் இரட்டிப்பாக இருந்தும் அதுவே முதலில் தீர்கிறது, ஏனெனில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்குரிய எண்ணால் வகுத்து, 1ஐயும் 0.67ஐயும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

22.4 லிட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கிடைத்திருக்கிறது. அது வாயுக்களுக்கு மட்டும், அதுவும் 0 பாகை செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும் பொருந்தும். அழுத்தத்தை 1 பார் என்று எடுத்துக்கொள்ளும் புத்தகங்களில் அது 22.7 லிட்டராகிறது, 25 பாகை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 24.5 லிட்டர். மேலே சொன்ன 450 மோல் கார்பன் டை ஆக்சைடு 0 பாகையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 10,080 லிட்டர் இருக்கும், 900 பாகைச் சூட்டில் காளவாயை விட்டு வெளியேறும்போது அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் விரிந்திருக்கும். ஒரு மோல் திரவ நீர் வெறும் 18 மில்லிலிட்டர்தான், அதற்கு 22.4 லிட்டர் என்று எழுதுகிறவர்கள் கேள்வியில் ‘வாயு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை என்று பொருள்.

கரைசல் கணக்குகளில் ‘எதனுடைய மோல்?’ என்ற கேள்வி ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டுச் சரியான செறிவில் கரைசல் தயாரிக்க முடியாது, அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நல்ல படிகமாகக் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலத்தை எடைபோட்டு, அதைக்கொண்டு காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் குப்பியில் இருக்கும் அந்தப் படிகத்தில் ஒவ்வோர் அமில மூலக்கூறுடனும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கின்றன. அமிலத்தின் மோலார் நிறை 90 என்றாலும் தராசில் ஏறும் படிகத்துக்கு அது 126. 250 மில்லிலிட்டர் 0.05 மோலார் கரைசலுக்கு (ஒரு லிட்டர் கரைசலில் 0.05 மோல்) 0.0125 மோல் தேவை, அதாவது 1.575 கிராம் படிகம். 90ஆல் பெருக்கி 1.125 கிராம் மட்டும் எடுத்தால் செறிவு 0.036 மோலாருக்கு இறங்கிவிடும், பிறகு பியூரெட்டில் எவ்வளவு கவனமாகக் கண்ணை வைத்தாலும் பயனில்லை. கரைக்கும்போதும் 250 மில்லிலிட்டர் நீரை அளந்து ஊற்றக் கூடாது; குறைந்த நீரில் கரைத்து, அளவுக் குடுவையின் கழுத்தில் உள்ள கோடு வரை நீர் சேர்க்க வேண்டும், ஏனெனில் மோலாரிட்டியில் வரும் லிட்டர் கரைசலின் லிட்டர்.

மனப்பாடச் சூத்திரம் எங்கே கைவிடும் என்பதற்கும் இதே ஆய்வு சான்று. பிப்பெட்டில் 20 மில்லிலிட்டர் காரத்தை எடுத்து, காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலினை ஓரிரு சொட்டு சேர்த்து, இளஞ்சிவப்பு மறையும் வரை 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலத்தை விட்டபோது 16.0 மில்லிலிட்டர் செலவானதாக வைத்துக்கொள்வோம். மோலாரிட்டியையும் கன அளவையும் இரு பக்கமும் பெருக்கிச் சமப்படுத்தும் சூத்திரத்தில் அப்படியே போட்டால் காரத்தின் செறிவு 0.04 மோலார் என்று வரும், அது தவறு. கரைசலை நீர்க்கச் செய்யும்போது கரைபொருளின் மோல் மாறாது என்பதற்காக எழுதப்பட்ட சூத்திரம் அது. இங்கே இருப்பவை வேறு வேறு துகள்கள். மூலக்கூறுகளுக்குப் பதிலாக, அவை நடுநிலையாக்கலில் தரும் ஹைட்ரஜன் அல்லது ஹைட்ராக்சைடு அயனிகளை எண்ணும் நார்மாலிட்டியில் எழுதினால் இந்த இடர் மறைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஏன் மறைகிறது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. செலவான அமிலம் 0.05 × 0.016 = 0.0008 மோல். ஒவ்வோர் அமில மூலக்கூறும் இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளை நடுநிலையாக்குகிறது, ஆகவே பிப்பெட்டில் எடுத்த 20 மில்லிலிட்டரில் இருந்த காரம் 0.0016 மோல். அதை 0.020 லிட்டரால் வகுத்தால் 0.08 மோலார், 40ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 3.2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு.