டீச்சர் டிரெயினிங்கா, பி.எட்.டா?

கே: மகள் பிளஸ் டூவில் 71 சதவீதம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துவேன் என்கிறாள். 'டிகிரி முடித்து பி.எட். படித்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம்' என்கிறார் என் அண்ணன். ஓர் ஏஜென்டோ வகுப்புக்கே போகாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறாராம். என்ன செய்ய?
- வாசகி, செய்யாறு

ப: அண்ணன் சொல்வது பழைய கணக்கும்மா. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் மகளுக்கு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். பழைய டீச்சர் டிரெயினிங்தான் அது. விண்ணப்பத்தில் அரசின் 'டயட்' எனும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தை முதலில் போடுங்கள். கட்டணம் மிகக் குறைவு.

ஏஜென்டைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். பயிற்சியின் உயிரே பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்துவதில் இருக்கிறது. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது வந்த பயிற்சி மாணவிகளில், பாடக்குறிப்பை அழகாக எழுதியவள்கூட, நாற்பது வாண்டுகள் ஒரே நேரத்தில் 'டீச்சர், இவன் கிள்ளுறான்' என்றதும் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள். அதை எந்தக் காகிதம் சொல்லித் தரும்?

படித்தவுடன் வேலை என்று நம்ப வேண்டாம். 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள், அதற்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு நியமனத் தேர்வு என்று இரண்டு படி இருக்கிறது.

இப்போதைக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.