பால் திரியாமல், பசையாகாமல் ஒரு சௌடர்

கேள்வி: வேலைக்காக பாஸ்டன் வந்து ஒரு வருடம் ஆகிறது. இங்கே கிடைக்கிற கிளாம் சௌடர் (மட்டி, உருளைக்கிழங்கு, பால் சேர்த்த கெட்டியான சூப்) எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை பால் திரிந்துபோனது, அடுத்த தடவை மைதா நிறையப் போட்டதில் பசை மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: எந்த உருளைக்கிழங்கு போட்டீர்கள் என்று எழுதவில்லையே, எனக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும். சௌடரைக் கெட்டியாக்குவது உருளைக்கிழங்குதான். சிவப்புத் தோல் வகை எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாக அப்படியே நிற்கும்; ரஸ்ஸெட் என்று விற்பார்களே, சொரசொரப்பான பழுப்புத் தோல், அது கரைந்து மாவு விடும். நான் பாதி ரஸ்ஸெட், பாதி யூகான் கோல்ட் என்கிற மஞ்சள் வகை போடுவேன். வெந்ததும் நாலைந்து துண்டுகளைப் பானை ஓரத்திலேயே கரண்டியால் நசுக்கிக் கலந்துவிடுங்கள், தானாகக் கெட்டியாகும். அப்புறம் மைதா ஒரு ஸ்பூன் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1751ல் பாஸ்டன் ஈவ்னிங் போஸ்ட் பத்திரிகையில் பாட்டாகவே வந்த பழைய சௌடர் குறிப்பில் பாலும் கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது. வெங்காயம், பன்றி இறைச்சி, மீன், ஊறவைத்த பிஸ்கட் என்று அடுக்கடுக்காக வைத்து வேகவிட்டார்கள். அப்போது கெட்டித்தன்மை அந்த பிஸ்கட்டில் இருந்து வந்தது.

சரி, பால். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே கொதிக்கிற சாற்றில் ஊற்றினால், அதுவும் கொழுப்பு குறைந்த பாலாக இருந்தால், திரிய வாய்ப்பு அதிகம். பாலும் க்ரீமும் கலந்து தனியாக வெதுவெதுப்பாக்கி, அடுப்பைச் சிம்மில் வைத்து எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊற்றுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வர ஆரம்பித்ததுமே அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவே கூடாது. மறுநாள் சூடாக்கும்போதும் அப்படித்தான்.

மட்டியும் இதே மாதிரி அவசரம் தாங்காது. முதலில் மூடி போட்டு ஆவியில் ஓடு திறக்கிற வரை மட்டும் வேகவிட்டு, சதையை எடுத்து நறுக்கி வைத்துக்கொண்டு, சாற்றைத் துணியில் வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். உருளைக்கிழங்கை அந்தச் சாற்றில்தான் வேகவைக்க வேண்டும், சௌடரின் மணமே அதில்தான் இருக்கிறது. சாறே நல்ல உப்பு, அதனால் கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் உப்பு. நறுக்கிய சதையைப் பாலுக்குச் சற்று முன் போட்டால் போதும், அதிகம் வெந்தால் ரப்பர்தான்.

பாலே வேண்டாம் என்றால் ரோட் ஐலண்ட் பாணியில் தெளிந்த சாறாகவே விடலாம், தக்காளி போட்டால் மான்ஹாட்டன் சௌடர். நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு, அதாவது பாஸ்டன் இருக்கிற இந்த வடகிழக்குப் பகுதிக்காரர்களுக்கு, சௌடரில் தக்காளி ஆகாது. 1939ல் இந்தப் பகுதியின் மேய்ன் மாநிலத்தில் சௌடரில் தக்காளி போடுவதைத் தடை செய்ய மசோதாவே கொண்டுவந்தார்கள். எனக்கு மூன்றுமே பிடிக்கும், ஆனால் தக்காளியையும் பாலையும் ஒரே பானையில் சேர்த்துவிடாதீர்கள், புளிப்பில் பால் திரியும்.

இறக்கியதும் பரிமாறாமல் அரை மணி நேரம் மூடி வையுங்கள், சாறு உருளைக்கிழங்கில் இறங்கட்டும். ஆய்ஸ்டர் க்ராக்கர் என்கிற குட்டி உப்பு பிஸ்கட்டை, சௌடரைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.